ஐசி அண்ணையின் சாப்பாட்டுப் பெட்டி

யுத்த காலத்துக் கொழும்பில் பயப்படாத தமிழன் என்று ஒருவனும் இருக்கவில்லை. ஆனால் நாங்களெல்லாம் பகுதிநேரமாகத்தான் பயந்தோம். வேலை, சாப்பாடு, காதல் என்று எங்களுக்கு வேறு அலுவல்களும் இருந்தன. பயத்தை முழுநேர உத்தியோகமாக, ஒரு நாள் லீவும் எடுக்காமல் பார்த்தவர் ஐசி அண்ணை ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் அவரைப் பெற்ற தாய்க்கும் பொலிசுக்கும் மட்டுமே அப்போது தெரியும். மருதானையில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வாசம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் உபகரணப் பொறுப்பாளர். அடையாள அட்டையை நாங்கள் ஐசி என்போம். யாரைக் கண்டாலும் அவர் சொல்லும் வணக்கம், "தம்பி, ஐசி இருக்கோ?" என்பதுதான். ஒரு கலியாண வீட்டில் மணவறைக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையிடமும் அதையே கேட்டார். பாவம், அவன் பட்டு வேட்டியைத் தடவிப் பார்த்து வெளிறிப் போனான்.

கழகத்தின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இப்போதைய செயலாளர் கோபிப்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையின் மாடியில், ஒரேயொரு கரம் போர்டோடு தொடங்கிய கழகம் அது. பிறகு மேசைப்பந்து வந்தது. செயற்குழுக் கூட்டமும் அந்த மேசையில்தான். வலையைக் கழற்ற எல்லோருக்கும் பஞ்சி, ஆகவே தலைவர் ஒரு பக்கமும் செயலாளர் மறுபக்கமும் இருந்து வலைக்கு மேலாலேயே சண்டை பிடிப்பார்கள். பெண்களுக்கு வலைப்பந்தாட்டம் வந்தது. பக்கத்தில் கடல் இருக்கிறதே என்ற தைரியத்தில் கழக விதிகள் கொண்ட யாப்பில் நீச்சலையும் எழுதி வைத்தார்கள், ஒருவரும் நனையவில்லை. ஆனால் கழகம் உயிரோடிருந்தது உதைபந்தாட்ட அணியால்தான். அதற்கு நான் தலைவன்.

எங்கள் அணிக்கு எதிரணிகளைவிட வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள்தான் பெரிய ஆபத்து. பெடியன்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ்களில் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள். வியாழக்கிழமை கோர்ணர் அடித்துப் பழகியவன் ஞாயிற்றுக்கிழமை ஆளே இருக்க மாட்டான்.

"டேய், லெஃப்ட் விங் எங்கை?" என்பார் ஐசி அண்ணை.

"சுவிசிலை, அண்ணை."

"சொல்லிப்போட்டுப் போகக் கூடாதோ? அவனுக்கும் சேர்த்தெல்லோ தோடம்பழம் வாங்கினனான்!"

இடைவேளைக்கு அவர் தரும் அந்தத் தோடம்பழத்தை நகத்தால்தான் பிய்ப்பார். தமிழன் பையில் கத்தி இருந்தால் அது வழக்கு என்பது அவருடைய கணக்கு. பந்தைக் காற்றிறக்கித் தட்டையாக்கித்தான் பஸ்சில் கொண்டுவருவார். "உருண்டையா ஒரு சாமானைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு ஆமிக்காரனுக்கு என்னெண்டு விளக்கம் சொல்லுறது? நீ சொல்லுவியோ?" என்பார். காற்றடிக்கும் பம்பைப் பார்த்தாலும் ஏதோ குழாய் மாதிரி இருக்கிறதாம். ஆகவே அதை அவர் தொடுவதேயில்லை. ஒவ்வொரு மைதானத்திலும் காவலாளியிடம் பம்ப் இரவல் கேட்டு அலைவோம்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு அந்தச் சாப்பாட்டுப் பெட்டி. விளையாடும் காற்சட்டைக்குப் பொக்கெற் கிடையாது. உடுப்புகளைக் கோல் கம்பத்தடியில் குவித்துவிட்டு இறங்குவோம், அடையாள அட்டைகளும் அதற்குள்தான் கிடக்கும். ஒருமுறை ஆட்டத்தின் நடுவில் ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது. அந்தக் குவியலுக்குள் ஆளாளுக்கு அட்டை தேடிப் பட்ட பாட்டைக் கண்டவர், அடுத்த கிழமையே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகும் நீலப் பெட்டி ஒன்றோடு வந்து நின்றார். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று அட்டையை அதற்குள் போடவேண்டும். மேலே கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றை அடுக்கி, மூடி, ரப்பர் பாண்ட் போட்டு, பெட்டியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொள்வார். ஆட்டம் முடியும்வரை அது அங்கிருந்து இறங்காது.

மற்றபடி அந்த மனிதருக்குப் பயமில்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று, மைதானத்துக் கரைக்கோடு. அங்கு நின்று நடுவரை ஏசுவார். எங்கள் லீக்கின் நடுவர் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறும் மனிதர், அதே காக்கிக்காரர் கறுப்பு உடுப்பில் விசிலோடு வந்துவிட்டால், "உனக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சோ?" என்று தமிழிலும், விளங்காமல் போய்விடுமோ என்று சிங்களத்திலும் கேட்பார். சார்ஜன்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்.

அந்த வருடம் நாங்கள் முதன்முதலாக இறுதியாட்டத்துக்கு வந்தோம். கழகம் தொடங்கிய நாள் முதல் ஒரு கிண்ணமும் வாங்காத அணி நாங்கள். ஆட்டம் கொலன்னாவையில். எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடமென்பதால் சந்திக்குச் சந்தி மணல் மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி. பஸ்சில் போகும்போதே ஐசி அண்ணை எங்களிடம் மூன்று தரம் "ஐசி இருக்கோ?" என்று கேட்டார். நானும் ஒரு தரம் பொக்கெற்றைத் தடவிப் பார்த்தேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

இடைவேளையில் ஆளுக்கொரு கோல், சமநிலை. எங்கள் கோல்காப்பாளனுக்கு விரல் சுளுக்கி வீங்கிவிட்டது. ஐசி அண்ணை துடித்துப் போனார்.

"ஐஸ் வைக்கோணும். சந்திக் கடையில இருக்கும். நான் இந்தா வாறன்."

"அண்ணை, பெட்டியைத் தந்திட்டுப் போங்கோ."

"உன்னட்டையோ? நீ பந்தையே ஒழுங்கா வைச்சிருக்கமாட்டாய்!"

பெட்டியோடு போனார். இரண்டாம் பாதி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ உதைத்தது. மைதானம் அமைதியாக இருந்தது. எங்களுக்கு எதிராக ஒரு ஓஃப்சைட் கொடுத்த சார்ஜன்ட்டே, ஏச்சு வரவில்லையே என்று கரைக்கோட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் ஐஸ் கடை முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மல்லி! தம்பி! உங்கட அங்கிளைச் சந்தியில ஆமி பிடிச்சு வைச்சிருக்கு!"

நான் பந்தைக் கையால் பிடித்தேன். ஆட்டம் நின்றது.

அந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. போய் மீட்கலாமென்றால் எங்கள் எவரிடமும் அட்டை இல்லை. எல்லாம் அவருடைய கக்கத்தில்.

"மச்சான், ஐசி இல்லாமல் ரோட்டில இறங்கினால் எங்களையும் சேர்த்து அள்ளுவாங்கள்," என்றான் கோல்காப்பாளன்.

"தெரியும். ஆனா அந்தாள் அங்க தனியா நிக்குது. சும்மாவே செத்துப்போகும்."

சார்ஜன்ட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். "மைதானத்தை விட்டுப் போனால் கிண்ணம் அவர்களுக்கு, தெரியும்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். தெரியும் என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விசிலை நீட்டி ஊதினார். "சரி, நானும் வருகிறேன். என் பின்னால் வரிசையாக வாருங்கள். ஒருத்தரும் ஓடக்கூடாது."

முதுகில் இலக்கத்தோடு, முழங்கால்வரை சேற்றோடு, அடையாளமே இல்லாத ஒரு முழு அணி கொலன்னாவைத் தெருவில் ஒரு நடுவருக்குப் பின்னால் நடந்துபோனது. சந்தியில் துவக்கைக் கண்டதும் கோல்காப்பாளன் கையுறைகளோடு இரண்டு கையையும் தூக்கினான். கீழே இறக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் கடைசிவரை இறக்கவேயில்லை.

ஐசி அண்ணை ஒரு மர வாங்கில் குந்தியிருந்தார். மேசையில் எங்கள் அட்டைகள் பரப்பிக் கிடந்தன, பக்கத்தில் நொறுங்கிய பிஸ்கற். அடையாள அட்டை கேட்டபோது பழக்கதோஷத்தில் பெட்டியைத் திறந்து நீட்டியிருக்கிறார். உள்ளே இருந்தது முழுக்கத் தமிழ்ப் பெடியன்கள். அவருடையது மட்டும் இல்லை.

"உங்கட ஐசி எங்கை அண்ணை?" என்று கேட்டேன்.

"சேர்ட்டில தம்பி. சேர்ட் ஆணியில. ஆணி லொட்ஜில."

சாவடியின் ஆமி அதிகாரி ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி, இவன் யார் என்று அவரைக் கேட்டார். பயத்தில் பெயரெல்லாம் மறந்துபோன மனிதர், "இவன் ரைட் பேக், சேர். முன்னால போனா திரும்பி வரமாட்டான். இவன் சென்டர் ஃபோர்வேர்ட், சேர். கோலுக்கு முன்னால மட்டும் இவனுக்குக் கண் தெரியாது," என்று நடுங்கும் சிங்களத்தில் ஒவ்வொருத்தனையும் மானம் கெடுத்தார். அதிகாரிக்கு ஒன்றும் நம்பிக்கை வரவில்லை. சொந்த அட்டையில்லாத மனிதனை விட முடியாது, வண்டி வரும், ஏற்றப்போகிறோம் என்றார்.

அப்போதுதான் சார்ஜன்ட் முன்னுக்கு வந்தார். "சேர், இந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஏசுகிறார். என் கண், என் காது, என் அம்மா, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒளித்துச் செய்கிற வேலை இருக்கிறவன் ஒரு பொலிஸ்காரனிடம் இப்படித் தன்னைக் காட்டிக்கொள்வானா? இவருக்கு நான் பொறுப்பு. கையெழுத்து வைக்கிறேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு உயிர் வந்தது.

ஐசி அண்ணை எழும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று பார்த்தால், என் பக்கம் திரும்பி, "மட்ச் என்னடா ஆச்சு?" என்றார்.

"விட்டிட்டு வந்திட்டம், அண்ணை."

"என்னது? கப்பையோ? ஒரு கிழட்டுப் பிணத்துக்காகக் கப்பையோடா விட்டிட்டு வந்தியள்? மாடுகள்! எருமையள்!" வெள்ளவத்தை வரும்வரை பஸ்சுக்குள் ஏசிக்கொண்டே வந்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் ஏச்சை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து கழகத்தில் ஒரு புது வழக்கம். எங்கள் அட்டைகள் அவருடைய பெட்டியில், அவருடைய அட்டை என்னிடம். ஆட்டத்துக்கு ஸ்டொக்கிங்சுக்குள், மற்ற நேரம் என் பேர்ஸில். கிழமை நாளில் சோதனையில் ஐசி கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். லொட்ஜில் தங்குகிறவர்களுக்குப் பொலிஸ் கொடுக்கும் பதிவுத் துண்டை இனிக் கூடவே வைத்திருப்பேன் என்றார். "ஐசி என்னட்டை இருந்தா நான் மறந்துபோடுவன். உன்னட்டை இருந்தா உன்னை எனக்கு மறக்காது."

யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் போய்விட்டன. அணியும் கனடா, சுவிஸ், லண்டன் என்று கலைந்துபோனது. ஐசி அண்ணை இப்போது வத்தளையில் மருமகன் வீட்டில் இருக்கிறார். பழைய பெடியன்கள் அவருக்குச் சத்து மாத்திரையும் கம்பளிக் காலுறையும் அனுப்புவார்கள், வத்தளை வெயிலுக்கு. தபாற்கந்தோரில் அந்தப் பொதிகளை எடுக்க அடையாள அட்டை வேண்டும். உடனே எனக்குத் தொலைபேசி வரும்.

"தம்பி, ஐசி இருக்கோ?"

"இருக்கு அண்ணை. வாறன்."

நீர்கொழும்பு வீதி பஸ்சில் தொங்கிக்கொண்டு போவேன். இருவருமாகப் பொதியை எடுத்து, தேத்தண்ணி குடித்து, அந்த ஓஃப்சைட்டைப் பற்றி இன்னொரு தரம் சண்டை பிடித்துவிட்டு வருவேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் இந்த அலைச்சல் இல்லை என்று மனைவி சொல்கிறாள். உண்மைதான். ஆனால் அவரும் இதுவரை கேட்கவில்லை. கொடுத்துவிட்டால் அவரைப் பார்க்கப் போவதற்கு எனக்கும் வேறு சாட்டு இல்லை.