முயிக்லே கோப்பையும் முப்பத்தொரு சூனியக்காரிகளும்

தெபெத்லா ஊரில் மொத்தம் முப்பத்தொரு சூனியக்காரிகள். ஒரே வாரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பேராசிரியர் தியோதூலோ. எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் தபாலாபீஸ் ருத்திலியோ. ஊரில் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம்வரை படிக்கிற ஒரே ஆள். அவர்தான் வரிசையில் முதலில் நின்றார்.

சந்தைத் திடலில் கூடாரம். உள்ளே முயிக்லே இலைக் கஷாயம் செக்கச்செவேலென்று கொதித்தது. ரத்தம் ஊறும் என்று ஊரே குடிக்கிற கஷாயம்தான். எல்லார் வேலியிலும் கிடக்கிற செடிதான். ருத்திலியோவின் ஆடு தினமும் மேய்கிற செடிதான். ஆனால் பேராசிரியர் அதைப் பொட்டலம் கட்டி முத்திரை வைத்திருந்தார். முத்திரை வைத்த பொட்டலம் என்றால் ருத்திலியோவுக்குத் தனி மரியாதை. முப்பது வருஷ உத்தியோகம் அப்படி.

சோதனை எளிது. நோயாளி கோப்பையில் விரலை நனைக்க வேண்டும். பிறகு அவன் மனைவி. யார் விரல் பட்டுக் கஷாயம் நீலமாகிறதோ அவரே கண் வைத்தவர். ஒரே நிபந்தனை: மனைவி அடுப்படியிலிருந்து நேராக வரவேண்டும்.

"கையைக் கழுவிட்டு வந்தா கண் ஒளிஞ்சுக்கும்மா!" என்றார் பேராசிரியர்.

ருத்திலியோவுக்கு ஒரு வருஷமாக நெஞ்செரிச்சல். வேளைக்கு ஏழு பச்சைமிளகாய் கடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அந்தப் படித்த மூளைக்குத் தோன்றவில்லை. அவர் விரலுக்குக் கோப்பை சிவப்பாகவே இருந்தது. மனைவி ஹொவீத்தாவின் விரல் பட்டதும் நீலம்! கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

"ஏங்க, இருபத்தேழு வருஷமா உங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்ட கைங்க இது!"

"அதாண்டி சொல்றேன்! இருபத்தேழு வருஷமா!" என்றார் ருத்திலியோ. தர்க்கத்தில் கெட்டிக்காரர்.

பேராசிரியர் காசுக்கு விற்கும் புனித நீரில் ஒன்பது நாள் கை கழுவினால் கோப்பை மறுபடி சிவக்குமாம். ஹொவீத்தா மறுத்துவிட்டாள்.

"செய்யாத தப்பை நான் ஏன் கழுவணும்?"

"அப்போ வெள்ளிக்கிழமை பஸ்ஸுல உங்க அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரு. திரும்பி வராதே."

அதுவரை அவள் கையால் சாப்பிடுவதில்லை என்று சபதம் வேறு. ஊர்ப் பெண்கள் செய்வதுபோலத் தானே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்தார், அம்மியில் அரைத்தார், ரொட்டி தட்டினார். வட்டமாக ஒன்றுகூட வரவில்லை.

வெள்ளிக்குள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சூனியக்காரிகள் ஆகிவிட்டார்கள், முடிதிருத்துபவர் மனைவி யூலாலியா ஒருத்தியைத் தவிர. கடையில் ரொட்டி வாங்குகிறவள். அவள் நல்ல மனசை ஊரே மெச்சியது. அந்தக் கடை ரொட்டியைக் கவனித்தவள் ஹொவீத்தா மட்டும்தான்.

பெட்டியோடு பஸ்ஸுக்கு வந்தவள் நேரே கூடாரத்துக்குள் நுழைந்தாள். வழியனுப்ப வந்த ருத்திலியோவும் பின்னால் போனார்.

"போறதுக்கு முன்னால ஒரே ஆசை. நீங்க இன்னொரு வாட்டி விரலை விடுங்க."

"எனக்குத்தான் சிவப்புன்னு தெரிஞ்சுபோச்சே!"

"அன்னைக்கு முத்திரை குத்தின கை. இன்னைக்கு மாவு பிசைஞ்ச கை. கழுவாம விடுங்க."

பேராசிரியர் குறுக்கே பாய்ந்தார். "வெள்ளிக்கிழமை பார்க்கக் கூடாதும்மா!"

ஆனால் சத்தியவானான ருத்திலியோ விரலை விட்டுவிட்டார். நீலம். மனைவியுடையதைவிடக் கரு நீலம்.

"ஐயையோ, தபாலாபீஸ்காரர் தனக்குத்தானே கண் வச்சுக்கிட்டாரு!" என்று கத்தினான் கறிக்கடைக்காரன். திடலே சிரித்தது.

ஹொவீத்தா மடியிலிருந்து ஒரு சிட்டிகைச் சமையல் சுண்ணாம்பை எடுத்து வேறொரு கோப்பையில் போட்டாள். நீலம். அதே கோப்பையில் பேராசிரியரின் புனித நீரை ஊற்றினாள். சிவப்பு.

"மோந்து பாருங்க, எலுமிச்சம்பழம்! சூனியம் எங்க நகத்துல இல்ல, சுண்ணாம்புதான் இருக்கு. உங்களுக்கு ரொட்டி சுட்ட சுண்ணாம்பு!"

மற்ற முப்பது புருஷர்களும் தரையைப் பார்த்தார்கள். பஸ் புறப்பட்டபோது ஹொவீத்தாவின் இருக்கையில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ருத்திலியோ அவள் பின்னால் நடந்தார்.

"நெஞ்சு இன்னும் எரியுதா?"

"நெஞ்சு பரவால்ல. மூஞ்சிதான் எரியுது."

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் தபாலாபீசில் ஒரு பொட்டலத்தைக்கூட அவர் வாங்கியதில்லை. தன் தலைக்குள் போன பொட்டலத்தை மட்டும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உங்கள் வாசலுக்கும் ஒன்று வரும். முத்திரையைப் பார்த்து மயங்காமல், பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.