பெரட்டுக்குப் போன கோழி

டவுனில் இருப்பது சுகமா, தோட்டத்தில் இருப்பது சுகமா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பேன். மாமனார் பக்கத்தில் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறப்பேன். அப்போதும் "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு முறை அளவுக்கு மீறிப் பதில் சொல்லி, நடக்கவிருந்த கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நானே கவிழ்த்துவிட்டேன்.

அப்போது நான் சிரம்பானில் ஓர் ஏர்கோன் கடையில் பழுது பார்ப்பவன். லோபாக்கில் அம்மாவோடு குடியிருப்பு. எங்கள் கடைக்கு எதிரே இருந்த கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை தேன்மொழிக்கு. அந்தக் கிளினிக்கின் ஏர்கோன் மட்டும் ஊரில் எந்த ஏர்கோனுக்கும் இல்லாத வழக்கமாக அடிக்கடி படுத்துக்கொண்டது. (காரணம் கேட்காதீர்கள். முதலாளி இன்னும் கடையில்தான் இருக்கிறார்.) ஏணியில் நான் ஏறி, கீழே அவள் ஏணியைப் பிடித்து, விஷயம் கல்யாணம் வரை வந்து நின்றது.

தேன்மொழியின் வீடு புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அவள் அப்பா முனியாண்டி அங்கே மண்டோர். காட்டு வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பி, அந்த ஆட்களை மேய்க்கும் பொறுப்பு அவருடையது. சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று கேள்வி. முதலில் நான் மட்டும் போய் முகத்தைக் காட்டுவது, அவருக்குப் பிடித்தால் பிறகு அம்மா பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவது என்று ஏற்பாடு.

கிளம்பும் முன் தேன்மொழி எச்சரித்தாள். "எங்கப்பாகிட்ட டவுனப் பத்திப் பெருமை அடிக்காத. அவருக்குச் சுத்தமா புடிக்காது. கம்முனு ஒக்காரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அது போதும் லா."

இதில் 'பெருமை அடிக்காதே' என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது. 'கம்முனு ஒக்காரு' வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். மண்டோர் எனக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். காப்பி வந்தது.

"டவுனு எப்புடி இருக்கு தம்பி?" என்றார்.

ஆகா, பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். "அது என்னா டவுனு அங்கிள்! எங்க பாத்தாலும் ஜாம். மனுசன் இருப்பானா அங்க?"

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. 'இது பத்தாது போலிருக்கிறது' என்று என் புத்தி சொன்னது.

"ஏர்கோன் வேலைன்னு பாப்பா சொல்லிச்சி."

"வேலைதான் அங்கிள் ஏர்கோன். எனக்கு அந்தக் காத்தே ஆவாது. தோட்டத்துக் காத்துதான் நம்ப ஒடம்புக்கு ஒத்துக்குது." (சட்டையை அப்போது பிழிந்திருந்தால் ஒரு வாளி நிரம்பியிருக்கும்.)

அடுப்படி வாசலில் நின்ற தேன்மொழி கண்ணை உருட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரேயடியாக மேலே போய்விட்டேன்.

"கல்யாணம் ஆனதும் இங்கயே வந்து தங்கிடலாம்னுதான் எனக்கு ஆச."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. மண்டோர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெசமாவா தம்பி?"

"சத்தியமா அங்கிள்."

அவர் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். திரும்பி வந்து சொன்ன வார்த்தைகளை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"நாளைக்கி விடிகாலைல ஆபீஸ் முன்னால பெரட்டு. நீங்களும் வந்துருங்க. தொரைகிட்ட சொல்லிட்டேன், அவரும் இருப்பாரு. பெரட்டுலயே தெரிஞ்சிரும் ஆளு எப்புடின்னு. நம்ப பெரட்டு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பயந்துராதீங்க. முடிஞ்சதும் ஒன்னா பசியாறலாம்."

எங்கள் வீட்டில் பெரட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். கோழியைத் துண்டு போட்டு, மசாலா ஒட்ட ஒட்ட, தண்ணீர் வற்றப் பிரட்டி எடுக்கும் பெரட்டல். "இன்னிக்கி கோழி பெரட்டு" என்று அம்மா சொன்னால் நான் கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிடுவேன். ஆக, மாப்பிள்ளைக்குச் சமையல் பரீட்சை! தோட்டத்து மேனேஜரான தொரையே வந்து ருசி பார்க்கப் போகிறார்! நானோ மீ நூடுல்ஸ் பாக்கெட்டைக்கூட ஒழுங்காக அவிக்கத் தெரியாதவன்.

கார் தோட்டத்தைத் தாண்டி லுக்குட் சாலைக்கு வந்ததும் போன் துடித்தது. தேன்மொழியின் செய்தி. "இங்கயே வந்து தங்கப் போறியா? இந்த எடத்த விட்டு வெளிய வரலாம்னுதான் பாதி ஒன்ன லவ் பண்ணேன். நீ தோட்டத்துலயே கெட. நான் சிரம்பான் பக்கம் பாரோய்ல வீடு பாத்துக்கிட்டுப் போறேன்." அழைத்தேன். போனை அடைத்துவிட்டாள்.

காடியை ஓரங்கட்டி உட்கார்ந்துவிட்டேன். பெரட்டு நன்றாக வந்தால் மண்டோர் என்னைத் தோட்டத்திலேயே கட்டிப்போடுவார், தேன்மொழி போய்விடுவாள். பெரட்டு கெட்டுப்போனால் மண்டோர் பெண் கொடுக்க மாட்டார், அப்போதும் தேன்மொழி இல்லை. எப்படிக் கிண்டினாலும் என் கதை தீய்ந்துதான் போகும் போலிருந்தது. கடைசியில், பெண்ணைக் கொடுப்பவர் அப்பா, முதலில் அவரைக் குளிர வைப்போம் என்று முடிவு செய்து, கோழிக்கடைக்குப் போனேன்.

அம்மா கோழியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்புள்ளைய ஆக்கிப் போடச் சொல்றாங்களா? என்னாடா வழக்கம் இது?"

"தோட்டத்துல அப்புடித்தான் போலம்மா."

அம்மா ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர். கல்யாணமும் லோபாக்கிலேயே. தோட்டம் என்றால் அவருக்குச் சாலையோரத்தில் தெரியும் மரங்கள் மட்டும்தான். "சரி, கேட்டுட்டாங்க. மானம் போவக் கூடாது. வெங்காயத்த உரி" என்றார்.

முதல் கோழி கரியானது. அதைப் பூனைக்கு வைத்தோம், அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த கோழியை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வாயாலேயே சமைத்தார். கை மட்டும் என்னுடையது. "தீயக் கொறடா… கிண்டுடா, போன என்னாத்துக்குப் பாக்குற?… கறிவேப்பில எங்கடா? ஐயோ, அது இன்னும் குச்சியோட கெடக்கு!" எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தெரியாததால், தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பெரிய சட்டி இறங்கியிருந்தது.

விடியுமுன் கிளம்பினேன். சட்டியை முன் சீட்டில் வைத்தேன். ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று காடி நினைத்துக்கொண்டு கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. சட்டிக்கு சீட் பெல்ட் போட்ட பிறகுதான் வாயை மூடியது. நானும் கோழியும் பெல்ட் போட்டுக்கொண்டு மௌனமாகப் போனோம். தோட்டத்து மண் சாலைக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை, விளக்கே கிடையாது. குழியில் இறங்கும்போதெல்லாம் ஒரு கையால் சட்டி மூடியை அழுத்திக்கொண்டேன். "சாமி, உப்பு மட்டும் சரியா இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஆபீஸ் முன்னால் விளக்குக் கம்பத்தின் கீழ் பெரும் கூட்டம். இத்தனை பேருக்கா? இந்தோனேசியர்கள், வங்காளதேசத்துக்காரர்கள், நம் ஆட்கள் சிலர், எல்லாரும் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது. அடக் கடவுளே, இவர்களும் பெரட்டு கொண்டுவந்திருக்கிறார்கள், இது போட்டி என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள். பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி முழங்காலுக்கு இறங்கிவிடும்.) பெரிய சட்டியோடு போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

முன்னால் மண்டோர் பெயர் படித்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டால் 'அடா' என்றார்கள். ஆள் இருக்கிறேன் என்று மலாயில் பதில். பதில் சொன்னவனை எந்தக் காட்டுக்குக் குலை வெட்டப் போக வேண்டும், எந்தக் காட்டில் உரம் போட வேண்டும் என்று அதட்டிச் சொன்னார். சனிக்கிழமை லேட்டாக வந்தவனுக்கு எல்லார் முன்னாலும் நல்ல காரமாக விழுந்தது. எனக்குள் மெல்ல ஏதோ இடித்தது. யாரும் பாத்திரத்தைத் திறக்கவில்லை. யாரும் ருசி பார்க்கவில்லை. ஆள் கணக்கு எடுக்கிறார்கள், வேலை பிரிக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்தது காட்டில் சாப்பிடக் கொண்டுபோகும் சோறு.

தோட்டத்தில் பெரட்டு என்பது இதுதான். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் படிக்கும் சடங்கு. எனக்கு அது உறைத்தபோது பெயர் படிக்காமல் நான் ஒருவன்தான் பாக்கி. ஓடலாம் என்றால் சட்டி கனம்.

"கதிர்!" என்று கூப்பிட்டார் மண்டோர்.

"அடா" என்றேன். குரல் கோழிக்குஞ்சு போல வந்தது.

டார்ச் லைட் என் முகத்தில் அடித்து, கீழே இறங்கி, சட்டியில் நின்றது.

"கையில என்னா தம்பி?"

"பெரட்டு, அங்கிள்."

"என்னா பெரட்டு?"

"கோழிப் பெரட்டு."

எனக்கு அங்கேயே மண்ணைத் தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த தொரை, என் வயசு இளைஞர், இறங்கி வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி வேலைக்கு ஆள் வருதுன்னு சொன்னீங்களே மண்டோர், இவருதானா? இவர எந்தக் காட்டுக்கு அனுப்பப் போறீங்க?" என்றார். அவ்வளவுதான், நம் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் மலாயில் விளக்கிச் சொன்னதும் மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் சோற்றைத் திறந்து நீட்டினார். ஒரு கரண்டி போட்டேன். பிறகு பெரட்டு வரிசை அப்படியே சாப்பாட்டு வரிசையாகிவிட்டது.

மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் லாரி ஏறிப் போன பிறகு, சட்டியில் மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார். நான் தூக்குத் தண்டனைக்காரன் போல் பக்கத்தில் நின்றேன்.

"உப்பு கம்மி," என்றார். "பெரட்டுன்னா என்னான்னு தெரியாது. இதுல தோட்டத்துல வந்து இருக்கப் போறீங்களாக்கும். ஏன் தம்பி பொய் சொன்னீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு பயம் அங்கிள். தேனு இல்லாம எனக்கு முடியாது" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (மிளகாய்க் கை என்று பிற்பாடு சொல்லிச் சமாளித்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை.)

அவர் அடர்ந்து நின்ற செம்பனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டவுனுக்காரன் பீத்திக்கிட்டா எனக்கு ஆவாது, அது நெசம். அதுக்காக எம்பொண்ணு இங்கயே கெடக்கணும்னு எவன் சொன்னான்? கிளினிக்கு வேலை முடிஞ்சி அது இருட்டுல இந்த ரோட்டுல மோட்டார்ல வரும். வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது தம்பி. டவுனுப் பக்கம் ஒருத்தன் நல்லபடியா கூட்டிக்கிட்டுப் போனா சரின்னு நானே நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து தோட்டம், காத்துன்னு ஒரே ஆட்டம். சரி, மாப்புள்ளைக்கு ஆசையா இருக்கேன்னு தொரைகிட்ட கெஞ்சி வேலை கேட்டேன்." டார்ச் லைட்டை அணைத்தார். "அது போயிட்டா வீடு வெறிச்சின்னு ஆயிடும். அது வேற விஷயம். அத எல்லாம் பாத்தா முடியுமா?"

அப்போதுதான் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போனேன். "கோழிப் பெரட்டு…" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மனிதர். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து தேன்மொழியும் அவள் அம்மாவும் ஓடி வந்தார்கள். அப்பா சிரிப்பதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவர்கள் பயந்தது தனிக் கதை. தோட்டத்தில் தங்கும் பேச்சு அதோடு முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் தேன்மொழி போனைத் திறந்தாள்.

இன்று நாங்கள் பாரோயில் அடுக்குமாடியில் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனாரும் அத்தையும் எங்களோடுதான். லிப்ட் கெட்டுப்போய்ப் படியேறி வரும் நாட்களில், தோட்டத்துக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று எனக்கும் தோன்றும். சொன்னால் தேன்மொழி பேசாமல் எழுந்து போய்ப் பெரிய சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கோழிப் பெரட்டல் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான். சட்டி மேசைக்கு வந்ததும் மாமனார் தொண்டையைக் கனைப்பார். உடனே எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் படிப்பார். அத்தை 'அடா' என்பார். தேன்மொழி 'அடா' என்பாள். மழலைப் பள்ளிக்குப் போகும் எங்கள் மகள் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி 'அடா' என்பாள்.

என் பெயரை மட்டும் அவர் இத்தனை வருடங்களில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கடைசியாக, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வரிசையின் கோடியில் கரண்டியோடு நிற்கும் என்னைப் பார்த்து, "கோழி?" என்பார்.

"அடா" என்பேன்.

"உப்பு?"

"சரியா இருக்கு மாமா."

"சரி, பெரட்டு முடிஞ்சிச்சி. ஒக்காருங்க" என்பார்.