அப்பா இன்று பதிலளிக்கவில்லை

அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரைக் கேட்காமலேயே கண்டுபிடித்துவிடும் திறமை எனக்கு இருப்பதாக நாற்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் நான் செய்துவைத்த காரியத்தால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் அப்பா தன்னுடைய இரங்கல் செய்திகளைத் தானே உட்கார்ந்து படிக்க நேர்ந்தது.

வீட்டுச் சுவரில் பதிக்கும் தொடுதிரைகளைச் செய்து விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். விளக்கு, மின்விசிறி, ஏர்கான் எல்லாவற்றையும் ஒரே திரையில் இயக்கலாம். அதற்கு மேல் அந்தத் திரையில் என்னென்ன செயலிகள் வைக்கலாம் என்று யோசிப்பதுதான் என் பொறுப்பு. நிறைய யோசித்தேன். குப்பையைக் கடைசியாகக் கீழே கொண்டுபோய்ப் போட்டது யார் என்று பெயரோடு காட்டும் செயலி ஒன்றைச் சுவா சூ காங் வட்டாரத்தில் எங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். (என் கணவர் செல்வம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திரை மட்டும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.)

அந்த வருடம் அம்மா இறந்துபோனார். அப்பா பக்கத்து வட்டாரமான புக்கிட் பாஞ்சாங்கில் தனியாக இருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவர். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். எல்ஆர்டி ரயிலில் கொஞ்ச தூரம்தானே, வேண்டுமானால் நான் வருகிறேன் என்பார். வரமாட்டார். எனக்குத் தூக்கம் வராது. அவர் காலையில் எழுந்தாரா, கால் தடுக்கி விழுந்து கிடக்கிறாரா என்று விடிந்ததும் மனசு அடித்துக்கொள்ளும். ஒரு மகளாக நான் தினமும் போன் செய்து கேட்டிருக்கலாம். நான் செயலி செய்தேன்.

அதற்கு ‘நலமா’ என்று பெயர் வைத்தேன். கூடத்தில், அம்மாவின் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் திரையைப் பொருத்தினேன். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் மூன்று முகங்கள் வரும். ஒன்று சிரிக்கும், ஒன்று அழும், நடுவில் இருப்பது இரண்டும் செய்யாது. அப்பா ஏதாவது ஒன்றைத் தொட்டால் என் கைப்பேசிக்குத் தகவல் வரும். பத்து மணி வரை தொடாவிட்டால், நான் பதிவு செய்து வைத்த குரல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, “அப்பா, எப்படி இருக்கீங்க?” என்று கேட்கும். பத்தரைக்கும் தொடாவிட்டால், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும்: ‘அப்பா இன்று பதிலளிக்கவில்லை.’

அந்த வாக்கியத்தைப் படித்த செல்வம், வேறு மாதிரி எழுது, பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். இது நல்ல தமிழ், உங்களுக்குப் பழக்கமில்லை என்று சொன்னேன்.

அப்பா தினமும் ஏழு மணிக்குச் சரியாகச் சிரிக்கும் முகத்தைத் தொட்டார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இரண்டு மாதச் சிரிப்பையும் கோடு போட்டு வரைபடமாக்கி அலுவலகத்தில் காட்டினேன். மனைவியை இழந்தவர்களில் இத்தனை மகிழ்ச்சியான மனிதரை யாரும் பார்த்திருக்க முடியாது. வரைபடத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட எனக்கு, அதில் ஏதோ சரியில்லை என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டோபி காட் பகுதியில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில், இதே செயலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் கைப்பேசியைப் பெரிய திரையோடு இணைத்திருந்தேன். பத்தரை மணிக்கு அந்தத் திரையில், ஆளுயரத்துக்கு, ‘அப்பா இன்று பதிலளிக்கவில்லை’ என்று வந்து நின்றது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. இதுவும் விளக்கத்தில் ஒரு பகுதி என்று நினைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்சியில் இருந்தபடி அப்பாவை அழைத்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த செல்வத்தை உடனே போகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் அங்கிருந்து பேசினார். குரல் தணிந்திருந்தது.

“போன் உள்ளதான் அடிக்குது. வாசல் இரும்புக் கேட்டு பூட்டியிருக்கு. மாமா குரலே இல்ல.”

சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம், கீழே காப்பிக் கடைக்குப் போயிருப்பார் என்றும் சொன்னார். அப்பா போன் இல்லாமல் எங்கேயும் போகமாட்டார் என்றேன். (போவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.) பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், கதவை உடையுங்கள் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா வீட்டு மாடி நடைபாதை நிறைய ஆட்கள். பூட்டுக்காரரான ஒரு சீனப் பெரியவர் கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு இரும்புக் கேட்டை அறுத்துக்கொண்டிருந்தார். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள், இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். அறுக்கும் சத்தம் நின்ற நேரத்தில் உள்ளிருந்து என் குரல் கேட்டது. “அப்பா, எப்படி இருக்கீங்க?” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

கைப்பேசியைப் பார்த்தேன். குழுவில், திருச்சியில் இருக்கும் சித்தப்பா, “அண்ணன் போயிட்டாரா?” என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்வதற்குள் அவரே, “ஆழ்ந்த இரங்கல்” என்றும் போட்டிருந்தார். அதற்குக் கீழே அத்தை பிள்ளைகள் வரிசையாக விளக்குப் படங்கள், கும்பிடும் கைகள். இல்லை, இன்னும் எதுவும் தெரியவில்லை என்று நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதில், இத்தனை பேர் சொல்கிறார்களே என்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தேன்.

இரும்புக் கேட்டு விழுந்தது. மரக்கதவின் பூட்டில் பெரியவர் துளை போடத் தொடங்கியபோது, நடைபாதையின் அந்தக் கோடியில் மின்தூக்கி திறந்தது. இரண்டு கையிலும் பைகளோடு அப்பா வெளியே வந்தார். பின்னாலேயே அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா ரோஹானி மாக்சிக்.

கூட்டத்தைப் பார்த்த அப்பா, ஓரத்தில் நின்ற ஒருவரிடம் என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அவர் புதிதாகக் குடிவந்தவர், அப்பாவைத் தெரியாது. ஒரு வயதான இந்தியர் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். அப்பா பைகளைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார். நிமிர்ந்த பிறகுதான் அது எந்த வீடு என்று பார்த்தார்.

நான் எழுந்து ஓடி அவரைக் கட்டிக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரோஹானி மாக்சிக் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், அறுந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து அப்பா வீட்டுச் சாவியை எடுத்துப் பூட்டுக்காரரிடம் நீட்டினார். அம்மா படுக்கையில் இருந்த நாட்களிலிருந்தே அது அவரிடம்தான் இருந்ததாம். நான் கேட்டதில்லை. பூட்டுக்காரர் சாவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பாதித் துளையோடு நின்ற கதவைப் பார்த்து, “நெவர் மைண்ட் லா” என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

எல்லோரும் கலைந்த பிறகு, அப்பா பையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அம்மா படத்துக்குச் சூட்டினார். பூ வாங்கத்தான் தேக்கா சந்தைக்குப் போயிருக்கிறார். மாக்சிக்கும் சந்தையில் மீன் வாங்க வேண்டும் என்று கூடப் போயிருக்கிறார். போன் சார்ஜில் இருந்தது, மறந்துவிட்டார்.

“ஏழு மணிக்கு எந்திரிச்சுத்தானே இருந்தீங்க? ஏன்பா தொடல?” என்று கேட்டேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “இன்னிக்கு உங்கம்மா பொறந்தநாள்.”

எனக்கு அது நினைவில்லை. செயலிக்கும் நான் சொல்லி வைக்கவில்லை.

“சிரிக்கிறத இன்னிக்குத் தொட மனசு வரல. அழுவுறதத் தொட்டா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவ. நடுவுல இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியல. அப்படியே விட்டுட்டேன்.”

“மத்த நாள்ல எல்லாம் சிரிக்கிறதத்தானே தொட்டீங்க?”

“அது உனக்காகத் தொட்டதும்மா.”

செல்வம் எழுந்து அடுப்படிக்குத் தேநீர் போடப் போனார். நான் அந்தத் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். குழுவில் வந்திருந்த நாற்பது சொச்சம் இரங்கலையும் மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் படித்தார். இருபது வருடமாகப் பேசாத ஒரு பங்காளிகூட அவரைத் தங்கமான மனிதர் என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘இருக்கேன். எல்லாருக்கும் நன்றி.’

கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவிடமிருந்து வந்தது: ‘அண்ணே, இது நீங்கதானா?’

அன்று சாயங்காலமே முகங்களை அழித்துவிட்டேன். திரையையும் கழற்றிவிடுகிறேன் என்றபோது அப்பா வேண்டாம் என்றார். கீழே நிறுத்தத்துக்குப் பஸ் எப்போது வரும் என்று இதில் காட்ட முடியுமா என்று கேட்டார். மூட்டு வலிக்கிறது, அங்கே போய் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. அவர் மூட்டு வலியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே அப்போதுதான். அரை நாளில் செய்து கொடுத்தேன். நான் செய்த செயலிகளில் யாரோ ஒருவர் தினமும் விரும்பிப் பார்ப்பது அது ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு இப்போது நானே போன் செய்கிறேன். சில நாள் நன்றாக இருக்கிறேன் என்பார், சில நாள் முடியவில்லை என்பார்.

சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து கூப்பிட்டால், அப்பா போனை எடுத்ததும், அது அவர்தானா என்று முதலில் காது கொடுத்துக் கேட்பார். பதினோராவது மாடி வீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி, அப்பா சிரிக்காமல் சொல்வார்:

“சொல்லு தம்பி. மேலேருந்துதான் பேசுறேன்.”