நிறைவேற்றப்பட்டது

"தோட்டத்தப் பாக்க வியாழக்கிழமை காலையில வர்றோம் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கல்வி அதிகாரி போனை வைத்துவிட்டார். தலைமையாசிரியை சன்னல் வழியே பள்ளியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். சிமெண்ட் தரை, தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த இரண்டு பெஞ்சு. மருந்துக்குக்கூட ஒரு செடி கிடையாது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டம் போட்டாயிற்று என்று எழுதிக் கொடுத்தது அவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி எழுத வைத்தது யார்? இந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றே அவள் ஒரே ஒரு திட்டம் போட்டாள். தினமும் முதல் மணி நேரம், எல்லா வகுப்பிலும், வாசிப்பு. ஐந்து வருடம் விடாமல் செய்தால் இந்தப் பள்ளியை விட்டுப் போகிற எந்தப் பிள்ளையும் எழுத்துக்கூட்டித் திணறாது. மூன்று வருடம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கை வைக்காமல் இருந்தால் போதும்.

மேலே இருப்பவர்களுக்கு அது பொறுக்குமா? மாதம் பிறந்தால் ஒரு சுற்றறிக்கை. முதல் மணி நேரம் மூச்சுப் பயிற்சி என்பார்கள். அடுத்த மாதம் மூச்சையே மறந்துவிட்டு, முதல் மணி நேரம் கை கழுவும் பயிற்சி. அதற்கு அடுத்த மாதம் தலைமைப் பண்பு. போன மாதம் காய்கறித் தோட்டம். சட்டை மாற்றுகிற மாதிரி திட்டம் மாற்றுகிறவர்களிடம் போய் என்ன பேசுவது? வந்த புதிதில் ஒன்றை எதிர்த்துக் கடிதம் எழுதிப் பார்த்தாள். பதிலே வரவில்லை. அப்புறம்தான் ஒரு வழியைப் பிடித்தாள். சுற்றறிக்கை வந்த இரண்டாம் நாளே 'நிறைவேற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, தாளை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவாள். பிள்ளைகள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அதைப் பார்க்க வருகிறார்களாம். பார்க்கட்டும். அவள் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி செடி வளர்த்து விற்கிற நர்சரி வைத்திருந்தான். நாற்பது தொட்டி வேண்டும், காய் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றாள்.

"அக்கா, காயோட இருக்கறது எல்லாம் வித்த செடிக்கா. வியாழக்கிழமை மத்தியானம் ஆளுங்களுக்குக் குடுத்தாகணும்."

"பதினோரு மணிக்கே அள்ளிட்டுப் போயேன். யாரு வேணாங்கறா?"

வியாழக்கிழமை விடியற்காலையில் தொட்டிகள் வந்து இறங்கின. சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்ததும், அடடா, தோட்டமேதான். ஒரு நிமிடம் அவளே நம்பிவிட்டாள்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடவே, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் அலுவலக எழுத்தர், ஒரு பெண். அதிகாரி ஒவ்வொரு தக்காளியாகக் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஒரே மாதத்தில் எப்படிக் காய்த்தது என்று கேட்டார். நல்ல மண் சார் என்று சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு சொன்னாள் தலைமையாசிரியை.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்தது மூன்றாம் வகுப்பு வாயாடி. எழுத்தைக் கண்டால் அதற்கு வாய் சும்மா இருக்காது. தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் குனிந்து, பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி வாசித்தது.

"விற்... கப்... பட்டது."

அடுத்த தொட்டிக்குப் போனது. இந்தத் தடவை திக்கவே இல்லை. "விற்கப்பட்டது."

இரண்டு வருடத்துக்கு முன்னால் 'அ' எழுதத் தெரியாமல் அழுத பிள்ளை. அதை வாரி அணைத்துக்கொள்வதா, வாயைப் பொத்துவதா என்று தெரியாமல் தவித்தாள் தலைமையாசிரியை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிள்ளைகளே வளர்த்து, பிள்ளைகளே விற்கிறார்கள் சார்.

சொல்லி வாய் மூடவில்லை, தம்பியின் வண்டி வந்து நின்றது. பதினொன்று என்றால் ஒன்பதே முக்காலுக்கு வந்து நிற்கிறவன் அவன். ஆட்கள் இறங்கி, மளமளவென்று தொட்டிகளைத் தூக்கினார்கள். வாங்கவும் ஆட்கள் வந்துவிட்டார்களே என்று அதிகாரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. இப்படி ஒரு பள்ளியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

"அடுத்த திங்கக்கிழமைலேருந்து தினமும் முதல் மணி நேரம் மத்த ஸ்கூல் ஹெச்.எம். எல்லாம் இங்க வந்து பாக்கட்டும். பிள்ளைங்க அத்தனை பேரும் தோட்டத்துலதான் நிக்கணும். ரெண்டு வருஷத்துக்கு இதுதான்."

எழுத்தர் குறித்துக்கொண்டாள்.

முதல் மணி நேரம். இரண்டு வருடம். தன் கையாலேயே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று அதிகாரியைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், இழுப்பறையை உருவி மேசைமேல் கவிழ்த்தாள். சுற்றறிக்கைகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன.

"தோட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். நீங்க அனுப்புனதுல ஒண்ணுகூட இங்க நடக்கல. எல்லாத்துக்கும் முடிஞ்சுதுன்னு எழுதிப் போட்டேன், பொய்தான். இங்க நடக்கறது ஒரே வேலை, வாசிப்பு. மாசத்துக்கு ஒண்ணு அனுப்புறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? எந்தப் பிள்ளை சார் ஒரு மாசத்துல வாசிக்கக் கத்துக்கும்? ஒண்ணே ஒண்ண உருப்படியா முடிக்க விடுறீங்களா? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

அதிகாரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பின்னாலேயே வந்திருந்த எழுத்தர்தான் குனிந்து தாள்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அடுக்கி மேசைமேல் வைத்தாள். ரொம்பத் தயங்கி, தலைமையாசிரியையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒரு ஸ்கூலாவது முடிச்சுட்டோம்னு எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த திட்டத்த அனுப்பணும்னு ரூல் மேடம், மூணு வருஷமா அப்படி எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."