புட்டுக்குழலும் என் வலது தோளும்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.

அன்புள்ள மனைவி சித்தி பரீதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் மகள் பஹ்மியாவும் மருமகனும், நான் இன்னும் மடியில் வைத்துப் பார்க்காத பேத்தியும் கட்டாரில் நலமாயிருக்க வேண்டுமென்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நானும் உன் கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கென்று நீ கேட்பாய். உன் போன் எந்நேரமும் மகளின் கையில் இருக்கிறது. அவளும் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் போட்டு வைக்கிறாள். பக்கத்தில் மருமகன் இருமுகிறார். மருமகன் இருமுகிற இடத்தில் ஒரு மனுசன் தன் மனைவியிடம் ‘சாப்பிட்டியா’ என்பதற்கு மேலே என்னத்தைக் கதைப்பது? அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற பக்கத்துவீட்டு நஸ்ரியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும், பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது நாற்பது நாள் முடிய வந்துவிடுவேன் என்று சொன்னாய். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவனுக்குப் புட்டு ஆசை பிடித்துவிட்டது. கடையில் புட்டு இருக்கிறது, உன் தங்கை ஜெஸீமாவிடம் கேட்டால் அவளும் தருவாள், ஆனால் எனக்கு உன் குழலில் அவித்த புட்டுத்தான் வேண்டியிருந்தது. நான் நசித்துவிடுவேன் என்று பயந்து அதை நீ குசினி ராக்கையின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு ஏறினேன். குழல் இடது கைக்கு வந்த அதே நேரம் கதிரையின் ஒரு கால் கோபித்துக்கொண்டு வெளியே போனது. வலது கையால் ராக்கையைப் பிடித்தேன். உடம்பு கீழே வந்தது, கை மேலேயே நிற்கப் பார்த்தது, தோள்மூட்டு யார் பக்கம் சேருவதென்று தெரியாமல் இரண்டு பேரையும் விட்டு விலகிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த ஜெஸீமா போட்ட கூச்சலில் உன் அருமைத் தம்பி முனாஸ் ஓடி வந்தான். “மச்சான், ஒண்டும் பயப்படாதீங்க, போன்ல பாத்திருக்கன், ஒரே இழுப்புத்தான்” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு என் கக்கத்தில் குதிகாலை ஊன்றி இழுத்தான் பார், எனக்கு வாப்பா, உம்மா, மௌத்தாகி அடங்கின சொந்தங்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தார்கள். மூட்டு வரவில்லை, முனாஸின் இடுப்புச் சாரம்தான் கழன்று வந்தது. பிறகு ஆட்டோவில் ஏற்றிப் பாலையூற்றில் முறிவு வைத்தியம் பார்க்கிற இராசநாயகத்தாரிடம் கொண்டுபோனான். பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் கத்த, ஆட்டோக்காரரும் இரக்கப்பட்டுக் கூடவே கத்தினார். இராசநாயகத்தார் என் விரல்களைத் தொட்டு விறைக்குதோ என்று கேட்டுவிட்டு, “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுங்கோ. எலும்பு முறிஞ்சிருக்கோ எண்டு தெரியாம இழுக்க ஏலாது. இதுக்கு முதல் ஆரும் இழுத்தவையோ?” என்றார். முனாஸ் அவருடைய தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் கௌசிகா என்றொரு இளம் டொக்டர், நம்முடைய மகள் வயதுதான் இருக்கும். படம் பார்த்து முறிவில்லை என்று சொல்லி ஊசி போட்டார். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதில் பாரம் கட்டினார்கள். காலமெல்லாம் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கொக்கியில் சுமை கொளுவினவன் நான், கடைசியில் எனக்கே கொளுவிவிட்டார்கள். தசை தளரத் தளர, கொஞ்ச நேரத்தில் மூட்டு ‘டொக்’ என்று தன் பாட்டில் போய் இருந்துகொண்டது. இடம் மாறிப் போனது எவ்வளவு வலியோ, திரும்பி வந்தது அவ்வளவு சுகம். அந்த நேரம் உன் நினைவு வந்தது, ஏன் என்று நான் எழுதத் தேவையில்லை.

மூன்று கிழமைக்குக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கட்டினது வலது கை. இடது கையால் எழுதலாம், கோழிக்குத் தீன் போடலாம், சோறு தின்னலாமா? பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டேன், ஏலாதவனுக்குக் குற்றமில்லை என்றார். ஆனால் என் உம்மா சின்ன வயதில் இடது கையில் அடித்த அடி இன்னும் மறக்கவில்லை, கை வாய்க்குக் கிட்ட வந்ததும் திரும்பிவிடுகிறது. அதனால் முனாஸ் வாயில் தீத்திவிடுகிறான். ஓட்டை வள்ளத்துக்கு அடைப்பு வைக்கிற அளவில் உருட்டுகிறான். உருட்டிக்கொண்டே போனில் கிரிக்கெட் பார்க்கிறான், விக்கெட் விழுந்தால் மீன்குழம்பு என் மூக்குக்குப் போகிறது. முள் எடுக்கத் தெரியாது. நீ முள் எடுத்துத் தருகிற மாதிரி எடுத்துத் தரச் சொல்லி ஒருநாள் அவனிடம் கேட்டேன், அவன் போனை அணைத்துவிட்டு ஒவ்வொரு முள்ளாக எடுத்தான். அன்றுதான் என்னால் தின்னவே முடியவில்லை.

இது உன் வீடு. கல்யாணம் முடித்து இங்கே வந்தவன் நான். வீட்டுக்காரி இல்லாத வீட்டில் ஒரு கரண்டியை எடுத்தாலும் கேட்காமல் எடுத்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் நீ வரத் தேவையில்லை. பிள்ளை கைப்பிள்ளை, மகள் வேலைக்குப் போகிறவள், அங்கேதான் உனக்கு வேலை அதிகம். என் கையை நினைத்து ஓடி வராதே.

மகளுக்கும் மருமகனுக்கும் என் சலாம். பேத்தியின் நெற்றியில் எனக்காக ஓதி ஊதிவிடு. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் காப்பானாக.

உன் கணவன்
ஆதம்பாவா

பின்குறிப்பு: நஸ்ரியின் பயணம் பிந்திவிட்டது. கடிதம் என்னிடமே கிடந்தது, மிச்சத்தை வலது கையால் எழுதுகிறேன். கட்டை அவிழ்த்துவிட்டார்கள். விரலால் சுவரில் ஏறுகிற பயிற்சி செய்கிறேன், கை சுகம். முனாஸையும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்றுப் பகல் தனியே இருந்து சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய் எடுத்தேன், எதிரில் யாருமில்லை, சோற்றுக் கோப்பையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். மேலே வரத் தேவையில்லை என்று எழுதியதை நம்பாதே. உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு கை வருத்தமாவது சாட்டாக இருந்தது, அதுவும் சுகமாகிப் போச்சு. இனிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமலே கூப்பிடுகிறேன். எனக்கு ஏலாது புள்ள, வா.