நூற்று இருபத்தாறு மஞ்சள் கோடுகள்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன். எதிர்வீட்டில் குடியிருக்கும், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி. ஆக மொத்தம் ஐந்து பேர். சுவரில் ஒரு பல்லியும் இருந்தது. அது கையெழுத்துப் போடவில்லை. ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை.

கையெழுத்து எதற்கு என்று சொல்ல வேண்டும்.

எங்கள் காருக்கு வயதாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். எனக்கு வயதாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். மெக்கானிக்கின் பேச்சை மட்டும் ஏற்றுக்கொண்டு காரை விற்றேன். பதினாறு அடி நீளம், எட்டரை அடி அகலமுள்ள கார் ஷெட் காலியாயிற்று. அன்று மாலையே அதற்கு இரண்டு பேர் மனுப் போட்டோம்.

ஆறு மணிக்கு அவள் கேட்டாள். “என்னங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிற வேலை வந்திருக்கு. நானும் எதிர்வீட்டுத் தங்கச்சியும் சேர்ந்து தைக்கப் போறோம். ஷெட்டை எடுத்துக்கட்டுமா?”

ஆறு பத்துக்கு நான் சொன்னேன். “அது என் ஒர்க்‌ஷாப்.”

பத்து நிமிடம் பிந்தியது உண்மைதான். ஆனால் என் தேவை பெரியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. ஹாலில் உட்கார்ந்தால், “கூட்டணும், எழுந்திருங்க.” கட்டிலில் உட்கார்ந்தால், “விரிப்பு மாத்தணும், எழுந்திருங்க.” வாசலில் உட்கார்ந்தால், “போறவங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க, உள்ள வாங்க.” ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிக்குள் பதினேழு தடவை எழுந்திருக்கிறேன். தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தவன் நான். டூல் ஸ்டோர்ஸ் பொறுப்பு. முதலாளி வந்தாலும் எழுந்து நின்றுவிட்டு அதே ஸ்டூலில்தான் உட்காருவேன்.

எனவே தீர்மானித்தேன். உயிரே போனாலும் ஷெட்டை விடுவதில்லை.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் ஒட்டாது. ஆகவே ஒரு பலகையில் கறுப்புப் பெயிண்டால் மூன்று விதிகளை எழுதி ஷெட்டில் மாட்டினேன்.

ஒன்று: இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் மஞ்சள் கோடு போட்ட ஓர் இடம் உண்டு. கோடு போட்ட பொருளை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது.

இரண்டு: கோடு இல்லாத எந்தப் பொருளும் உள்ளே இருக்கக் கூடாது.

மூன்று: எதையாவது எடுப்பவர், அதன் இடத்தில் தன் வில்லையை மாட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

எல்லாம் எங்கள் தொழிற்சாலை முறை. சுவரில் தொங்கும் ஒவ்வொரு ஸ்பானரைச் சுற்றியும் அதன் உருவத்தைக் கோடாக வரைந்திருப்போம். ஸ்பானர் இல்லாவிட்டால் கோடு காட்டிக்கொடுக்கும். எடுத்தது யார் என்பதை அங்கே தொங்கும், அவருடைய எண் அடித்த பித்தளை வில்லை காட்டிக்கொடுக்கும். நான் டப்பா மூடிகளை வெட்டிப் பன்னிரண்டு வில்லை செய்து, எண் அடித்து, ஆளுக்கு மூன்றாக நாலு பேருக்கும் கொடுத்தேன். ஐந்து பேரும் பலகையின் அடியில் கையெழுத்துப் போட்டோம்.

“இதுக்கு டிக்கெட்டே பரவாயில்லை,” என்றார் கண்டக்டர்.

“அத்தான், ஒரு ஆணி வேணும்னாலும் வில்லையா?” என்றான் மச்சினன்.

“ஆணிக்கும்தான்.”

மனைவி மட்டும் பலகையை இரண்டு தடவை படித்தாள். பிறகு, “சரிங்க,” என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் “சரிங்க” என்றது அதற்கு முன் நான்கே தடவை. நான்கிலும் சேதம் எனக்குத்தான்.

ஆனால் வெற்றி மயக்கம் கண்ணை மறைத்தது. இரண்டாம் விதிப்படி, அவள் ஏற்கெனவே ஷெட்டின் மூலையில் போட்டு வைத்திருந்த சாமான்களை வெளியேற்றினேன். தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, இஸ்திரி மேஜை, நான்கு ஸ்டூல். ஏழு உருப்படி. தையல் மெஷின் எங்கள் படுக்கை அறைக்குப் போய், கட்டிலை ஒட்டி என் கால்மாட்டில் நின்றது. முதல் வாரத்தில் முழங்காலில் ஆறு தடவை இடித்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. வீரன் காயத்தைப் பற்றிப் பேசமாட்டான்.

ஷெட்டை நான் பயன்படுத்திய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓர் அங்குலம் வீணாக்கவில்லை. கருவிகள் நூற்றிரண்டையும் சுவரில் ஏற்றினேன். ஆணி, திருகு, வாஷர் போட்ட பாட்டில்கள் இருபத்து நான்கையும் அலமாரியில் வரிசையாக வைத்தேன். ஆக நூற்று இருபத்தாறு பொருள். நூற்று இருபத்தாறு மஞ்சள் கோடு. எல்லாவற்றுக்கும் மேலாக என் மடக்கு மேஜை. சுவரில் கீல் வைத்து அடித்தது. வேலை செய்யும்போது விரிக்கலாம். முடிந்ததும் தூக்கி மடக்கினால் சுவரோடு சுவராகிவிடும்.

வந்தவர்களுக்கெல்லாம் விரித்து மடக்கிக் காட்டினேன். கண்டக்டருக்கு மட்டும் ஒன்பது தடவை.

“பாத்தீங்களா? மடக்கிட்டா இடமே பிடிக்காது. தரை முழுக்கக் காலி!”

“ஆமாங்க,” என்றாள் மனைவி, காலியான தரையைப் பார்த்தபடி. “எவ்வளவு காலி!”

ஒரு மாதத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் செய்தவை: ஸ்பானர் மாட்டும் பலகை ஒன்று, பாட்டில் வைக்கும் அலமாரி ஒன்று, உளி சொருகும் கட்டை ஒன்று.

“எல்லாமே ஷெட்டுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. வீட்டுக்கு ஒண்ணும் இல்லையா?”

“அடித்தளம் போட வேண்டாமா?”

“சமையலறை அலமாரிக் கதவு தொங்குதே.”

“வரிசையில இருக்கு.”

“எத்தனாவது?”

“பதினாலாவது.”

அவள் ஒரு வில்லையை மாட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போனாள். நான்கு நிமிடத்தில் திருப்பி அதன் கோட்டுக்குள் வைத்தாள். கதவு தொங்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. வில்லையை எவ்வளவு ஒழுங்காக மாட்டினாள்!

பிறகுதான் அவளுக்கு என் முறையில் திடீர் அக்கறை பிறந்தது.

“என்னங்க, இந்தக் கோடு சுவத்துல மட்டும்தான் போடணுமா?”

“யார் சொன்னது? எங்க பாக்டரியில பெரிய மெஷினுக்கெல்லாம் தரையிலதான் போடுவோம்.”

“அப்படியா! எப்படிப் போடுவீங்க?”

யாராவது கேட்கமாட்டார்களா என்று முப்பத்து நான்கு வருஷம் காத்திருந்த கேள்வி. சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்து காட்டினேன். “முதல்ல மெஷின் காலைச் சுத்திச் சாக்பீஸ். டேப்பு வெச்சு அளவு சரிபாக்கணும். அப்புறம் பெயிண்ட்.”

“காய எவ்வளவு நேரமாகும்?”

டப்பாவைக் கண்ணருகே பிடித்துப் படித்தேன். “நாலு மணி நேரம்.”

“அவ்வளவுதானா!” என்று அவள் வியந்தாள். நானும் அவளோடு சேர்ந்து வியந்தேன்.

மறுநாள் காலை அவளே ஞாபகப்படுத்தினாள். “ஒரு நல்ல வைஸ் வேணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே. பழைய இரும்புக் கடைத் தெருவுல கிடைக்கும்னு சொன்னீங்க. இன்னிக்குப் போய்ட்டு வரலாமே.”

வைஸ் என்பது மேஜையில் பொருத்தி, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவி. அது இல்லாத ஒர்க்‌ஷாப் பல் இல்லாத வாய். அந்தத் தெருவுக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு பகல் முழுக்க ஆகும். அதைச் சொன்னேன்.

“ஆகட்டுமே,” என்றாள். கேட்காமலே சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். குடை கொடுத்தாள், வானத்தில் மேகமே இல்லை. கண்டக்டரைத் துணைக்குக் கூப்பிட்டேன். பஸ் என்றால் பறந்து வரும் மனிதர், “இன்னிக்கு முட்டி வலிக்குதுங்க,” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பதினோரு கடை ஏறி இறங்கி ஒரு வைஸ் வாங்கினேன். எடை ஒன்பது கிலோ. அதைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன்.

ஷெட்டிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது.

உள்ளே இரண்டு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் என் மனைவி, மற்றொன்றில் கண்டக்டரின் மனைவி. மச்சினன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். முட்டி வலிக்காரர் துணி வெட்டும் மேஜை அருகே உட்கார்ந்து, இடுப்புப் பட்டையில் துளை போடும் குறட்டால் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் டிக்கெட்டில் துளை போட்ட கை. அந்தக் குறடு என் குறடு. அதன் இடத்தில் கண்டக்டரின் இரண்டாம் எண் வில்லை தொங்கியது.

தரையெங்கும் மஞ்சள் கோடு. காய்ந்துவிட்டது.

“என்ன இது?” என்றேன். நாக்கு ஒட்டவில்லை. ஆத்திரத்தில் அதுவே மறந்துவிட்டது.

“வாங்கண்ணே,” என்றாள் கண்டக்டரின் மனைவி. “கோட்டை மிதிக்காம வாங்க.”

“முதல்ல எல்லாத்தையும் வெளிய எடுங்க!”

என் மனைவி மெஷினை நிறுத்தினாள். எழுந்துகூட நிற்கவில்லை. “தம்பி, ஒண்ணாம் விதியைப் படி.”

மச்சினன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்தான். “கோடு போட்ட பொருளை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது.”

“கீழ யார் கையெழுத்து?”

“முதல் கையெழுத்து அத்தானோடது.”

“கோடு போட என்னைக் கேட்டியா?” என்றேன்.

“கோடு யார் போடணும்னு பலகையில இல்லீங்களே. பிரஷ், பெயிண்ட், டேப். மூணுக்கும் மூணு வில்லை மாட்டித்தான் எடுத்தேன். பிரஷ்ஷைக் கழுவித் திருப்பி வெச்சிட்டேன். வேணும்னா பாருங்க.”

பார்த்தேன். கழுவியிருந்தாள். என்னைவிடச் சுத்தமாகவே.

“என் மேஜையை எங்கே விரிக்கிறது?”

“அதுதான் மடக்கிட்டா இடமே பிடிக்காதே. நீங்கதானே சொன்னீங்க?”

“விரிச்சா பிடிக்குமே!”

“விரிக்கிற இடத்துக்குக் கோடு போட்டிருக்கீங்களா?”

போடவில்லை. அந்த இடத்தில் இஸ்திரி மேஜை நின்றது. அதன் நான்கு காலைச் சுற்றியும் கோடு இருந்தது. கண்டக்டர் என் சார்பாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். “டக்,” என்று ஒரு துளை போட்டார்.

நான் பணிபவன் அல்ல. வைஸைக் கீழே வைத்தேன். தொழிற்சாலையிலிருந்து விடைபெற்ற நாளில் எனக்குக் கொடுத்த இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஷெட்டின் நட்ட நடுவில் உட்கார்ந்தேன்.

“நான் எழுந்திருக்கமாட்டேன். இது என் இடம். பதினெட்டாவது தடவை எழுந்திருக்க என்னால முடியாது.”

சத்தம் நின்றது. என் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது கேலி அல்ல. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

“பதினேழு தடவையா எழுப்பினேன்?”

“எண்ணியிருக்கேன்.”

“நீங்க எண்ணாம இருப்பீங்களா?” என்றாள் மெதுவாக. பிறகு, “அந்த ஸ்டூலுக்குக் கோடு இருக்கா?”

சுவரைப் பார்த்தேன். அலமாரியைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். நூற்று இருபத்தாறு பொருளுக்கும் கோடு போட்ட நான், நான் உட்காரும் ஸ்டூலுக்குப் போடவில்லை.

“இரண்டாம் விதியைப் படிக்கட்டுமா அக்கா?” என்றான் மச்சினன். அவனை யாரும் கேட்கவில்லை.

“இப்பவே போடறேன்,” என்று பிரஷ்ஷை நோக்கிக் கையை நீட்டினேன்.

“வில்லை?”

கை நின்றது. பன்னிரண்டு வில்லை செய்தேன். நாலு பேருக்கும் மூன்று மூன்றாகக் கொடுத்தேன். எனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு எதற்கு வில்லை?

“உன் வில்லையில ஒண்ணு கொடு.”

“மூணும் வேலையில இருக்குங்க.” சுவரைக் காட்டினாள். என் கத்தரிக்கோல், ஸ்கேல், எண்ணெய்க் குப்பி மூன்றின் இடத்திலும் அவள் வில்லைகள் தொங்கின.

“கண்டக்டர்?”

“டக்.”

“கவலைப்படாதீங்க,” என்றாள் மனைவி. “உங்க ஸ்டூலுக்கு நான் முதல்லயே கோடு போட்டுட்டேன். வந்து பாருங்க.”

எழுந்தேன். ஆம், எழுந்துவிட்டேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். ஷெட்டின் வாசலைத் தாண்டி, கதவுக்கு வெளியே, கூரையின் நிழல் விழும் இடத்தில், தரையில் நான்கு சின்ன மஞ்சள் வட்டங்கள்.

“இது உங்க இடம். யாராவது கருவி கேட்டு வந்தா வில்லையைச் சரிபார்த்து நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும். இனிமே கூட்டறதுக்கும் எழுப்பமாட்டேன், விரிப்பு மாத்தறதுக்கும் எழுப்பமாட்டேன். கோடு போட்டாச்சு. விதி விதிதான்.”

ஸ்டூலை வைத்தேன். நான்கு கால்களும் நான்கு வட்டத்துக்குள் இறங்கின. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அவ்வளவு சரியாக இருக்க வேண்டுமானால் என் ஸ்டூலை அவள் டேப் வைத்து அளந்திருக்க வேண்டும். நான் இரும்புக் கடைத் தெருவில் வைஸைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

நான் தோற்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மூன்று விதிகளும் இன்றுவரை ஓர் எழுத்தும் மீறப்படாமல் நடக்கின்றன. அந்த ஸ்டூலிலிருந்து என்னை எழுப்ப இந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. வைஸையும் வெளியேதான், ஸ்டூலுக்குப் பக்கத்தில் கதவை ஒட்டி வைத்திருக்கிறேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க உதவுகிறது என்று மனைவியே பாராட்டினாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்கெடுத்தேன். ஷெட்டுக்குள் என்னுடைய கோடு நூற்று இருபத்தாறு. அவள் போட்டது மெஷினுக்கு இரண்டு, மேஜைக்கு இரண்டு, ஸ்டூலுக்கு நான்கு. மொத்தம் நூற்று முப்பத்து நான்கு. எல்லாம் சரியாக இருந்தது.

ஆட்கள் மொத்தம் ஐந்து. உள்ளே நான்கு. மிச்சம் ஒன்று.