ஈசானிய மூலையில் ஒரு நாகரிகம்

படித்த படிப்பைக் காட்ட அவசரப்படுகிறவளுக்கு நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று தெரியாது. (எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கவும் தெரியாது, அது வேறு கதை.)

தொல்லியல் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை, மயிலாப்பூரில் நிற்பது. ஜெயா மாமியின் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். பக்கத்துத் தெருவில் பழங்காலப் பானை ஓடுகள் கிடைத்திருந்ததால், மண்ணைத் தோண்டும்போது ஏதாவது தட்டுப்படுகிறதா என்று ஒருத்தி பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த ஒருத்தி நான். பழைய அஸ்திவாரத்தைப் பெயர்த்து முடிக்கும்வரை நின்றதில் கிடைத்தவை ஒரு சோடா மூடியும் பாதிச் சீப்பும். இப்படியே போனால் வேலையும் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திரும்பினால், வடகிழக்கு மூலையில் மட்டும் மண்ணின் நிறம் மாறியிருந்தது. யாரோ குழி வெட்டி மூடியதற்கான அடையாளம்! "வண்டிய நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினேன். அன்றுதான் வேலைக்கு வந்திருந்த ஜேசிபி ஓட்டுநர் சேகர் அண்ணன் குதித்து ஓடி வந்தார்.

"இன்னா மேடம், பொதையலா கீது?"

கொத்துக்கரண்டியால் சுரண்டினேன். மஞ்சள் பூசிய செங்கல் வந்தது. (பண்டைய வண்ணப்பூச்சு என்று தீர்மானித்தேன்.) அதன் கீழே நூல் சுற்றிய செப்புச் செம்பு, சுற்றிலும் தானியம். அந்தத் தானியம் முளைவிட்டிருந்தது. மூளை உள்ள எவருக்கும் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் புல்லரித்தது.

"ஆயிரம் வருஷத்து விதைண்ணா! இன்னும் உயிரோட இருக்கு!"

"ஐய, பேப்பர்ல நம்ம போட்டோவும் வருமா மேடம்?" என்றவர் தலை சீவிக்கொண்டார். (நான் கண்டெடுத்த அந்தப் பாதிச் சீப்பால்தான்.)

செம்பையும் முளைவிட்ட தானியத்தையும் கையில் ஏந்திப் படம் எடுத்து என் பேராசிரியருக்கு அனுப்பினேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு மாமி வந்தார்.

"அடிப்பாவி! வெள்ளிக்கிழமை பூமி பூஜை பண்ணி நாங்க வச்சதுடீ அது! அதை ஏண்டி வெளில எடுத்தே?"

மாமி உடனே சாஸ்திரிகளுக்குப் போன் போட்டார். மறுபடியும் பூஜை செய்துதான் வேலையைத் தொடங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைதான் ஆனியின் கடைசி முகூர்த்தம். இப்போது ஆடி பிறந்துவிட்டது, இனி ஆவணியில்தான். ஆதம்பாக்கத்து வாடகை வீட்டில் மாமியும் மாமாவும் எப்போது சொந்த வீட்டுக்குத் திரும்புவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளை நான் தள்ளிப்போட்டுவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமி புடவைத் தலைப்பால் என் முகத்து மண்ணைத் துடைத்தார்.

"நேக்குக் கோவம்தான். ஆனா ஜொரத்துல கெடந்த ஒடம்பு, வெயில்ல நின்னுண்டு அழாதே. ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, வா."

காபி குடிக்கும்போது பேராசிரியரின் பதில் வந்தது. ஒரே வரி. "தானியம் ஊறி மூன்று நாள் ஆகியிருக்கும்."

ஆவணியில் நடந்த பூஜைக்கு மாமி என்னை முன்வரிசையில் நிறுத்தினார். "எங்க வைக்கறோம்னு நன்னா பார்த்துக்கோ!"

இப்போது மாமி இரண்டாவது மாடியில் சௌக்கியமாக இருக்கிறார். நவராத்திரிக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்ததே இல்லை. கொலுவுக்கு வந்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும் சுண்டலை என் கையில் கொடுத்துவிட்டு, வருஷம் தவறாமல் அதையே சொல்வார்.

"எந்தக் காலத்துதுன்னு சொல்லிட்டுச் சாப்பிடுடீ!"